வாளை அவ்வளவு சீக்கிரம் உருவாதீர்கள்: ரோமப் படை வேடம் கட்டும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பாவின் ஊர்த் திருவிழாக்களிலும் அகழாய்வுத் திடல்களிலும் ரோமப் படைவீரர்களாக வேடம் கட்டி நிற்கும் குழுக்களின் அன்பர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் பார்வையாளர்களில் ஒருவன். பாசல் நகருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். ஔக்ஸ்டில் ரோமத் திருவிழா நடக்கும் வார இறுதியில் எங்கள் வீட்டில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. லெஜியன் என்ற ரோமப் பெரும்படைப் பிரிவுகளில் பதினோராவது தங்கியிருந்த விண்டிஷ் பாசறைத் திடலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். ஜெர்மனியில் உறவினர் வீட்டுக்குப் போனால், பக்கத்தில் ரோமர் கூடாரம் போட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் விசாரிப்பேன். இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் விழாக்களில் தள்ளுவண்டியும் பிள்ளைகளுமாக நிற்கும் கூட்டத்தில் எங்கள் ஆட்களும் நிறையப் பேர். அவர்களும் இதைப் படித்துவிட்டு உங்களிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஜெர்மன் வடிவத்தை உங்கள் கூடாரத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் உங்கள் மேல் எனக்குள்ள மரியாதையைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தின் வடக்கே கார்பிரிட்ஜில் 1964-ல் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே துருப்பிடித்த கவசத் தகடுகள். லண்டன் கோபுரத்தின் ஆயுதச்சாலையில் வேலை பார்த்த ரஸ்ஸல் ராபின்சன் அவற்றை வைத்து, பட்டை பட்டையாக அடுக்கிய ரோமக் கவசம் உடம்பில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று கண்டுபிடித்தார். 1972-ல் தொடங்கிய எர்மின் ஸ்ட்ரீட் கார்டு குழு அந்த வடிவத்தில் கவசம் செய்து போட்டுக்கொண்டு நடந்து காட்டியது. அதன் பிறகு உங்கள் உலகத்தில் பொருள் விஷயத்தில் ஏமாற்ற முடியாது என்று ஆகிவிட்டது. ஜெர்மனியின் கால்க்ரீசவில் 2018-ல் கார்பிரிட்ஜ் கவசத்தைவிடப் பழைய கவசம் ஒன்று ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. அதன் கொக்கிகளையும் வார்களையும் பற்றி உங்களில் இரண்டு பேர் ஒரு கூடாரத்து வாசலில் வெகுநேரம் வாதாடினார்கள், நான் நின்று கேட்டேன். ஒரு கீல் தப்பாக இருந்தால் உங்களுக்குத் தூக்கம் வராது. இயந்திரத்தில் தைத்த மேலாடையோடு ஒருவர் வந்தால் அவரை வரிசையில் நிற்க விடமாட்டீர்கள்.

அப்புறம் மத்தியானம் மூன்று மணிக்குச் சண்டைக் காட்சி வரும். அந்தக் கண்டிப்பெல்லாம் களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே கதைதான். பதினைந்து இருபது ரோமர்கள் ஒற்றை வரிசையில் வருகிறார்கள். எதிரே தோல் போர்த்திய காட்டுமிராண்டிகள் ஏழெட்டுப் பேர், கத்திக்கொண்டு. லத்தீனில் ஒரு கட்டளை. ஈட்டிகள் புல்லில் போய்க் குத்தி நிற்கின்றன. அடுத்த கட்டளைக்கு வாள்கள் உருவப்படுகின்றன. இரண்டு நிமிடம் கேடயத்தில் டமடமவென்று அடி. காட்டுமிராண்டிகள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். விழுந்தவர்களில் ஒருவர் வெயில் தாங்காமல் தலையைத் திருப்பி நிழல் தேடுகிறார். ஒலிபெருக்கிக்காரர், “இப்படித்தான் ரோமர்கள் உலகத்தை வென்றார்கள்” என்கிறார். கைதட்டல். பிறகு கேடயங்களைத் தலைக்கு மேலே கூரைபோலப் பிடிக்கும் ஆமைவியூகம், அதன்மேல் பிள்ளைகள் பந்து எறிகிறார்கள், கலைகிறோம்.

இதில் எதுவும் குற்றமில்லை, திருவிழாதானே என்று நீங்கள் சொல்லலாம். என் வருத்தம் வேறு. கவசத்தைக் காட்டும்போது “இது இன்ன ஊரில் கிடைத்ததன் படி, இந்தப் பகுதி எங்கள் ஊகம்” என்று பிரித்துச் சொல்கிறீர்கள். சண்டையைக் காட்டும்போது ஊகம் என்ற சொல்லே வருவதில்லை. ரோமப் படையைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பதில் மிகவும் குறைச்சலாகத் தெரிந்த பகுதி அந்த இரண்டு நிமிடம்தான். அதைத்தான் நீங்கள் மிகவும் உறுதியான குரலில் காட்டுகிறீர்கள்.

எடுத்துக்காட்டாக, ஒரே ஒரு சண்டையைப் பார்ப்போம். கி.மு. 49. இன்றைக்கு ஸ்பெயினில் யெய்தா என்று அழைக்கப்படும் இலெர்டா. இரண்டு பக்கமும் ரோமர்களே. சீசரின் ஆட்கள் நகரத்துக்குக் கீழே ஒரு சரிவில் மாட்டிக்கொண்டார்கள். இடம் குறுகல், கோஹார்ட் என்ற படைப்பிரிவுகள் மூன்று அணிவகுத்தால் நிரம்பிவிடும். மேலே இருந்து எறிவது எதுவும் வீணாகாது. எதிரிகள் களைத்த கோஹார்ட்டுகளை உள்ளே இழுத்துப் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சீசரும் அதையே செய்ய வேண்டி வந்தது. இப்படியே ஐந்து மணி நேரம். எறிவதற்கு இனி எதுவும் இல்லை என்று ஆன பிறகு, அவருடைய ஆட்கள் வாளை உருவிக்கொண்டு மேட்டில் ஏறிப் பாய்ந்தார்கள். சீசர் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கும் கணக்கு இது.

ஐந்து மணி நேரம் கழித்துத்தான் வாள்! உங்கள் களத்தில் இருபது விநாடி.

சேதக் கணக்கையும் அவரே சொல்கிறார். முதல் மோதலில் தம் பக்கம் ஏறக்குறைய 70 பேர் விழுந்தார்கள், காயம்பட்டவர்கள் 600-க்கு மேல், எதிர்ப்பக்கம் இறந்தவர்கள் 200-க்கு மேல் என்கிறார். அவர் தம் பக்கத்து எண்ணைக் குறைத்திருக்கக்கூடும், அரசியல்வாதி அல்லவா. இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான பேர் அரை நாள் முழுக்க எதிரெதிரே நின்றதற்கு அதுவும் சின்ன எண்தான். இரண்டு நிமிடத்தில் பாதிக் களம் சரிவது போன்ற சண்டை இந்தக் கணக்கில் எங்கே பொருந்தும்?

அப்படியானால் அவ்வளவு நேரமும் அவர்கள் என்ன செய்தார்கள்? இதை வரலாற்றாளர்கள் நீண்ட காலமாகக் கேட்டுவருகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தான் து பிக் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, பழைய போர்களின் உயிர்நாடி ஆயுதம் அல்ல, பயம்தான் என்று வாதிட்டார். நம் காலத்தில் ஃபிலிப் சேபின் அதை ரோமரின் காலாட்படைக்குப் பொருத்திப் பார்த்தார். இரண்டு அணிகளும் சிறிது தூரம் விட்டு நின்று முறைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, எறிந்துகொண்டு இருந்திருக்கும்; அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் பாய்ந்து, கொஞ்ச நேரம் குத்திக்கொண்டு, மறுபடி விலகியிருப்பார்கள் என்பது அவர் வரைந்த சித்திரம். எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மணிக்கணக்கில் நீண்ட சண்டையையும், வென்ற பக்கத்தின் குறைந்த சேதத்தையும் ஒன்றாக விளக்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. ஏழு பேர் கைகோத்து நிற்பார்கள், பாடிக்கொண்டு வருபவன் ஒருவன்தான், ஆனாலும் நேரத்தில் பெரும்பகுதி யாரும் யாரையும் தொடுவதில்லை. கால் முன்னே போகும், பின்னே வரும், தோள் ஒன்று ஆடும், எல்லோர் கண்ணும் அந்த இடைவெளியில்தான் இருக்கும். பிடி விழுவது கண் இமைக்கும் நேரத்துக்குள். அங்கே தோற்றால் போவது ஒரு புள்ளி. இங்கே எதிரே இருப்பது இரண்டு பக்கமும் கூர் வைத்த இரும்பு. அந்த இடைவெளி எவ்வளவு நீண்டிருக்கும், அதைக் கடந்து காலை எடுத்து வைக்க எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு ஒரு தடயமும் இருக்கிறது. கி.மு. 48-ல் கிரேக்கத்தின் ஃபார்சலஸில் நடந்த போரில் தம் பக்கம் இறந்தவர்கள் 200 வீரர்கள், 30 செஞ்சுரியன்கள் என்கிறார் சீசர். விவிலியத் தமிழில் நூற்றுவர் தலைவர் என்று சொல்கிறோமே, அவர்கள்தான். ஏட்டளவில் 80 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டிய பதவி. செத்தவர்களில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவர் அந்தப் பதவிக்காரர். இடைவெளியைத் தாண்டிப் போனது யார் என்று இந்த விகிதமே சொல்லிவிடுகிறது. உங்கள் காட்சியில் குறுக்குக் கொண்டை வைத்த தலைக்கவசத்தோடு செஞ்சுரியன் ஓரமாக நின்று, திராட்சைக்கொடித் தடியை நீட்டி லத்தீனில் அதட்டிக்கொண்டிருக்கிறார். குழுவில் மூத்தவர், முழங்கால் வலிக்காரர், அதனால் அந்த வேடம். எனக்குப் புரிகிறது. ஆனால் முதலில் போய் விழ வேண்டியவர் அவர்.

அதே ஃபார்சலஸில் நீங்கள் அப்படியே எடுத்துக் காட்டக்கூடிய ஒரு தருணம் உண்டு. யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. சீசரை எதிர்த்த ரோமத் தளபதி பொம்பே தம் ஆட்களை அசையாமல் நிற்கச் சொல்லியிருந்தார். சீசரின் ஆட்கள் ஈட்டியோடு ஓடிவந்தார்கள். எதிரிகள் எதிர்த்து ஓடிவரவில்லை என்று பார்த்ததும், யாரும் சொல்லாமலே பாதி வழியில் நின்றுவிட்டார்கள். எதிரியின் கண்முன்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, வரிசையைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். பிறகுதான் மறுபடி ஓடி, ஈட்டி எறிந்து, வாளை உருவினார்கள். அந்த நிற்பைக் காட்டுங்கள். 20 பேர் இரும்பு போட்டுக்கொண்டு ஓடி, களத்தின் நடுவில் நின்று இரைக்கட்டும். வேடம் கட்டிய உங்களுக்கு அதில் நடிக்க ஒன்றுமே இருக்காது, உண்மையாகவே இரைக்கும்.

இப்போது வாளுக்கு வருகிறேன். உங்கள் பாதுகாப்பு விதிகளில் முதல் விதி, முகத்தில் குத்தக்கூடாது. மிகச் சரி. காப்புறுதி நிறுவனமும் அதைத்தான் கேட்கும், உங்கள் வீட்டில் காத்திருப்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் ரோமரின் குறுவாள் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்றை அந்த விதி அழித்துவிடுகிறது. ஃபார்சலஸில் சீசர் பக்கம் முதல் ஆளாகப் பாய்ந்த கிராஸ்தினஸ் வாயில் வாள் குத்திச் செத்தார். ஸ்காட்லாந்தின் மான்ஸ் கிராப்பியஸ் போரை எழுதும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ரோமரின் துணைப்படையைச் சேர்ந்த பட்டாவிய வீரர்கள் கேடயக் குமிழால் இடித்து முகங்களைக் குத்திக் கிழித்ததாகச் சொல்கிறார். வெட்டை விடக் குத்தே ஆளைக் கொல்லும், இரண்டு அங்குலம் இறங்கினால் போதும் என்று பயிற்சி நூல் எழுதியவர் வெகேஷியஸ். முகம், வயிறு, தொடை. இந்த மூன்றையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது கேடயம் ஒன்றுதான். அதனால்தான் உங்கள் சண்டையில் வாள்கள் எப்போதும் கேடயத்தையே தேடிப் போய் அடிக்கின்றன. முழு வேகத்தில் அடித்துக்கொள்ளும் இடைக்காலக் கவசப் போட்டிக்காரர்களும் குத்தை விலக்கித்தான் வைத்திருக்கிறார்கள். குத்து அவ்வளவு ஆபத்தானது.

விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்பதற்கு நான் பைத்தியக்காரன் இல்லை. ஒலிபெருக்கியில் அதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். “இந்த வாள் முகத்துக்குப் போகும். அதை நாங்கள் காட்டப்போவதில்லை. ஆகவே இனி நீங்கள் பார்ப்பது வாள்சண்டை அல்ல, கேடயப் பயிற்சி” என்று ஒரு வரி. கூட்டம் அப்போது எப்படி அமைதியாகும் என்று பாருங்கள்.

ரோமர்கள் குத்த மட்டுமே செய்தார்கள் என்ற பேச்சையும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். மாசிடோனியர்களோடு நடந்த போரில், ஸ்பானிய வாளால் கை தோளோடு அறுந்து, தலை தனியாகக் கிடந்த உடல்களைப் பார்த்து எதிரிகள் அரண்டுபோனதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அந்த வாள் வெட்டவும் செய்தது.

அடுத்தது அந்த விசில். 2005-ல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடரில் செஞ்சுரியன் விசில் ஊதுவார், முன்வரிசை ஆட்கள் பின்னால் போவார்கள், இரண்டாம் வரிசை முன்னால் வரும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் போன இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் விசில் ஊதுகிறார். ஒவ்வொரு ஆளாக, விசிலுக்கு விசில், முன்வரிசை மாறியதாக நமக்குக் கிடைத்த எந்தப் பழைய எழுத்திலும் இல்லை. இலெர்டாவில் பார்த்தோமே, மாறியது கோஹார்ட், அதாவது நூற்றுக்கணக்கான பேர் கொண்ட பிரிவு மொத்தமாக. அதைவிடப் பழைய காலத்தில் மூன்று அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, முன்னணி களைத்தால் பின்வாங்கி அடுத்த அணிக்கு வழிவிட்டதாக லிவி சொல்கிறார். இப்படி மாறுவதற்கும் இடைவெளி வேண்டும். எதிரி மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும்போது ஒரு பிரிவு முழுக்க எப்படி விலக முடியும்? சண்டைக்குள் ஓய்வு இருந்தது என்பதற்கு இதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒற்றை வரிசை விஷயத்தில் உங்கள் மேல் தப்பில்லை, ஆள் பற்றாக்குறை. ஆனால் சண்டையின் பாதி பின்வரிசையில்தான் நடந்தது. முன்னால் நிற்பவன் முதுகைக் காட்டி ஓடாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அவனுக்குப் பின்னால் ஓட இடமில்லாதது. ஒவ்வொரு பிரிவுக்கும் பின்புறம் ஆப்டியோ என்ற துணை அதிகாரி நீண்ட கோலோடு நின்றார், நழுவுகிறவனைத் தள்ளி நிறுத்த. கி.மு. 57-ல் சாபிஸ் ஆற்றங்கரையில் பன்னிரண்டாம் லெஜியன் பட்ட பாட்டைச் சீசர் சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொடிகள் ஒரே இடத்தில் குவிந்து, ஆட்கள் நெருக்கியடித்து, ஒருவர் கையை ஒருவர் தடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கோஹார்ட்டில் நூற்றுவர் தலைவர்கள் எல்லோரும் செத்தாயிற்று. பின்னால் சிலர் மெல்ல நழுவுகிறார்கள். கேடயம் இல்லாமல் வந்த சீசர் பின்வரிசைக்காரன் ஒருவனிடமிருந்து கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போகிறார், தலைவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார், வாளை வீச வசதியாக விலகி நில்லுங்கள் என்கிறார். பயந்தவன் செய்வது முதலில் பக்கத்து ஆளோடு ஒட்டிக்கொள்வதுதான் என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் களத்தில் யாரும் ஒட்டிக்கொள்வதில்லை. எல்லோரும் அளவெடுத்தாற்போல நிற்கிறீர்கள், ஏனென்றால் யாருக்கும் பயமில்லை.

அதுதான் இந்தக் கலையின் முடிச்சு. இரும்பைச் செய்துவிடலாம், தோலைப் பதனிட்டுவிடலாம், பயத்தை எந்தக் கொல்லனும் அடித்துத் தரமாட்டான். உங்களில் சில குழுக்கள் பஞ்சு சுற்றிய ஆயுதங்களோடு, முகமூடி போட்டுக்கொண்டு, முன்பே பேசி வைக்காத சண்டை போட்டுப் பார்க்கிறீர்கள். நல்ல முயற்சி. ஆனால் அதிலும் ஒன்றைக் கவனித்தேன். எல்லோரும் முதல் விநாடியிலேயே பாய்கிறார்கள். நான் உன்னைத் தொடுகிறேன், நீ என்னைத் தொடுகிறாய், இரண்டு பேரும் செத்தோம், சிரித்துக்கொண்டு எழுந்து அடுத்த சுற்று. சாவு மலிவாகக் கிடைத்தால் எல்லோரும் வீரர்கள்தான்.

இதற்கு எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே உயிர் என்று வையுங்கள். காலையில் அடிபட்டால் மாலை வரை களத்துக்கு வெளியே. கூடாரத்தில் பானை கழுவும் வேலையும் அவருக்கே. வாரக்கணக்கில் காத்திருந்து, விடுமுறை எடுத்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கார் ஓட்டி வந்தவர் முதல் பாய்ச்சலில் பானைக்குப் போக விரும்புவாரா? காலை பின்னே வைப்பார், பக்கத்து ஆளின் கேடயத்தோடு ஒட்டுவார். முதலில் யார் போவது என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். உண்மையான பயத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இது இல்லைதான். ஆனால் இடைவெளி தானாகப் பிறக்கிறதா என்று பார்க்க அது போதும். பிறந்தால் சேபினின் சித்திரத்துக்கு ஒரு சின்ன ஆதரவு. பிறக்காவிட்டால் அதையும் எழுதி வையுங்கள்.

உங்கள் கையில் நிச்சயமாக இருக்கும் சிலவற்றையும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அவற்றைப் போதுமான அளவுக்குப் பயன்படுத்துவதில்லை. 1985-ல் மார்குஸ் யுங்கல்மான் ஒரு சின்னக் குழுவோடு, முழு ரோம உடுப்பிலும் சுமையிலும், வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி ஆவுக்ஸ்பூர்க் வரை நடந்தார். அது நடிப்பு அல்ல. மலை அதே மலை, கால் அதே கால், கொப்புளமும் அதேதான். பைலம் என்ற எறியீட்டியும் அப்படித்தான். கிட்டத்திலிருந்து எறிந்தால் கெட்டிப் பலகையைத் துளைத்துக்கொண்டு போகிறது என்பதை அவருடைய சோதனைகள் காட்டின. இதைப் புல்லில் எறிந்து என்ன பயன்? ஒரு கேடயத்தை நிறுத்தி வையுங்கள், அதற்குப் பின்னால் ஒரு பழைய சட்டையில் வைக்கோல் திணித்து வையுங்கள், எறியுங்கள். முனை கேடயத்தைத் தாண்டி வைக்கோலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் கிட்ட வந்து தொட்டுப் பார்க்கட்டும். பிறகு அந்தக் கேடயத்தை யாராவது தூக்கிப் பிடிக்கட்டும். சீசரோடு மோதிய ஹெல்வேசியர் என்ற இனத்தாரின் கேடயங்கள் இப்படி ஒன்றோடொன்று தைக்கப்பட்டதும், கையை உதறி உதறிப் பார்த்துவிட்டு அவற்றை எறிந்துவிட்டு வெறும் உடம்போடு சண்டை போட்டதாகச் சீசர் எழுதியது ஏன் என்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

கேடயம் என்றதும் இன்னொன்று. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கிடைத்த பெரிய கேடயத்தின் படியைப் பீட்டர் கானலி செய்து எடை போட்டபோது ஏறக்குறைய 10 கிலோ வந்தது. சிரியாவின் துரா யூரோபஸில் கிடைத்த, வண்ணம் தீட்டிய, வளைந்த கேடயம் அதைவிட நிறைய லேசு, ஆனால் அது மூன்றாம் நூற்றாண்டுச் சரக்கு. உங்களில் பலர் வைத்திருப்பது லேசான ஒட்டுப்பலகை. தோள் வலிக்கிறது என்பதற்காக எடையைக் குறைக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு மடங்கு எடையுள்ள மரவாளும் பின்னல் கேடயமும் கொடுத்து நட்டுவைத்த கம்பத்தோடு மோதவிட்டார்கள் என்கிறார் வெகேஷியஸ். அந்தக் கம்பத்தைக் களத்தில் நட்டு, பார்வையாளர்களில் இரண்டு பேரை அழைத்து, மூன்று நிமிடம் அடிக்கச் சொல்லுங்கள். சண்டை ஏன் விட்டுவிட்டு நடந்திருக்கும் என்று பிறகு ஒலிபெருக்கிக்காரர் விளக்கவே வேண்டாம்.

செருப்பும் ஒரு பாடம். கி.பி. 70-ல் ஜெருசலேம் கோயில் முற்றத்தில் ஜூலியானுஸ் என்ற நூற்றுவர் தலைவர் தனி ஆளாகப் பாய்ந்து கூட்டத்தையே விரட்டிக்கொண்டு போனார். காலில் ஆணி அடித்த செருப்பு, கீழே கல் பாவிய தரை. ஓடிய வேகத்தில் வழுக்கி மல்லாக்க விழுந்தார், கவசம் தரையில் மோதிய சத்தத்துக்கு ஓடியவர்கள் திரும்பிவிட்டார்கள். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, படுத்த நிலையிலேயே வாளால் குத்திக்கொண்டு, நெடுநேரம் சாகாமல் கிடந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதுகிறார். பழைய நகரத்துத் தெருக்களில் நீங்கள் ஊர்வலம் போகும்போது அதே ஆணிச் செருப்பில் வழுக்கிச் சுவரைப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது வெட்கப்பட்டுச் சிரிக்கிறீர்களே, அந்த இடத்தில் ஜூலியானுஸின் கதையைச் சொல்லுங்களேன்.

கவணை ஏன் யாரும் எடுப்பதில்லை? சுவிஸின் கிராவுபுண்டன் மாநிலத்தில் கிரப் செஸ் என்ற மலையிடுக்கில், ஏறக்குறைய கி.மு. 15-ஐச் சேர்ந்த ஒரு போர்க்களத்தை ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். லெஜியன் முத்திரை குத்திய ஈயக் கவண்குண்டுகளும் செருப்பு ஆணிகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. எறிந்ததும் ஓடியதும்தான் மண்ணில் அதிகம் மிச்சம். ஆனால் காட்சிகளில் ஈட்டி ஒரு முறை பறக்கும், அவ்வளவுதான். பயிற்சி பெற்ற ஒருவர், வேலி போட்டு, வைக்கோல் சுவரை நோக்கிக் கவண் சுழற்றிக் காட்டினால் அந்த ஓசை ஒன்றே போதும்.

எல்லோருமே லெஜியன் வீரராக வர ஆசைப்படுகிறீர்கள். மான்ஸ் கிராப்பியஸில் லெஜியன்கள் பின்னால் நின்றன, சண்டை போட்டவர்கள் பட்டாவியர், துங்ரியர் போன்ற துணைப்படையினர். ஓவல் கேடயம், வளையக் கவசம், ரோமக் குடியுரிமைகூட இல்லாதவர்கள். எதிரே தோல் போர்த்திக்கொண்டு விழுவதற்கென்றே வரும் அந்த ஏழெட்டுப் பேரைப் பார்க்கவும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வளையக் கவசமே கெல்டியரிடமிருந்து ரோமர் கற்றது. கால்க்ரீசவில் மூன்று லெஜியன்களை அழித்தவர்களின் தலைவன் ரோமப் படையிலேயே பணியாற்றியவன். கவசத்துக்குச் செலவிடும் அக்கறையில் கால்பங்கை அவர்களுடைய துணிக்கும் செலவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவர்கள் ஜெயிக்கட்டும்.

கூட்டம் சலித்துப்போகும், நுழைவுச்சீட்டு விற்காது என்பீர்கள். ஒரு விழாவில் இதைப் பேசியபோது “மக்கள் அடிதடி பார்க்கத்தான் வருகிறார்கள்” என்று ஒருவர் சொன்னார். மக்கள் கால்பந்தில் தொண்ணூறு நிமிடத்தில் ஒரு கோலும் விழாவிட்டாலும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரியாத எதையும் மனிதர்கள் பார்ப்பார்கள். உங்கள் காட்சியில் யார் விழுவார் என்பது என் எட்டு வயது மகளுக்கே தெரியும். தோல் போர்த்தியவர்களைக் காட்டி விரல்விட்டு எண்ணுகிறாள்.

அடுத்த பருவத்தில் ஒரே ஒரு காட்சியை மாற்றிப் பாருங்கள். இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் பதினைந்து நிமிடம் யாரும் வாளைத் தொடவேண்டாம். கேடயத்தில் ஈட்டியைத் தட்டிச் சத்தம் எழுப்புங்கள், திட்டுங்கள், பஞ்சுமுனை ஈட்டிகளை எறியுங்கள், பொறுக்கி மறுபடி எறியுங்கள், யாராவது இரண்டு பேர் முன்னே போய்த் திரும்பி வரட்டும். எது ஏட்டில் இருப்பது, எது ஊகம் என்று ஒலிபெருக்கிக்காரர் சொல்லிக்கொண்டே வரட்டும். பதினாறாவது நிமிடம் என்ன ஆகும் என்று நீங்களே முடிவு செய்யாமல் விடுங்கள்.

பின்வரிசைக்கு ஆள் போதாது என்றால் சொல்லியனுப்புங்கள். நான் வருகிறேன், எங்கள் பக்கத்துக் கபடிப் பிள்ளைகள் பத்துப் பேரையும் கூட்டி வருகிறேன். செருப்பு அளவு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தோல் போர்த்தும் வேடமென்றாலும் பரவாயில்லை, ஆனால் விழுவதற்கு ஒப்புக்கொள்ளமாட்டோம்.

அன்புடன்,
கயிற்றுக்கு வெளியே நிற்கும் ஒருவன்
பாசல்